பன்னிரண்டு மணிக்குள் எதிர்ப்பு இல்லையென்றால்

1

என் மகள் செலினுக்குப் பத்து வயது. பாங்காக்கில் பிறந்தவள். தாய்லாந்து மொழி அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் கிடைத்துவிட்டது. தமிழ் மட்டும் எங்கள் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்து போகிறது. "தாத்தா லெட்டர் போட்டானா?" என்று கேட்பாள். என் மனைவி பிலோமினா தலையில் அடித்துக்கொண்டு, "போட்டாங்களான்னு கேளுடி" என்று திருத்துவாள். அடுத்த மாதம் பழையபடி 'போட்டானா'தான்.

போன ஜூலையில் அவளுடைய டீச்சர், அப்பாவின் வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். செலின் இங்கிலீஷில் எழுதியிருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: 'என் அப்பாவின் ஆபீஸை எட்டு நாடுகள் சேர்ந்து நடத்துகின்றன. ஒரு நாட்டை யாராவது அடித்தால் மற்ற ஏழு நாடுகளும் உதவிக்கு வரும். அதனால் யாரும் யாரையும் அடிக்க மாட்டார்கள். என் அப்பா எங்களைப் பாதுகாக்கிறார்.' கீழே எட்டுக் கொடிகள் வரைந்து கலர் அடித்திருந்தாள். பாகிஸ்தானின் பிறைதான் இருப்பதிலேயே அழகாக வந்திருந்தது. டீச்சர் தங்க நட்சத்திரம் ஒட்டிக் கொடுத்திருந்தார்.

"நம்ம கொடி எங்கேம்மா?" என்றேன்.

"நாமதான் அதுல இல்லையே. நீதானே சொன்னே?" என்றாள்.

நான் குளிக்கும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

என் தம்பி லூர்து அறுபத்தைந்து செப்டம்பரில் லாகூர் பக்கத்துச் சண்டையில் செத்துப்போனான். இந்திய ராணுவத்தில் இரண்டாண்டு சர்வீஸ். செலின் அழகாக வரைந்திருந்த அந்தப் பிறைக்கொடி நாட்டின் டாங்கி சுட்டுத்தான் செத்தான். அந்த நாட்டுக்கு டாங்கிகள் கிடைத்தது, எட்டு நாட்டுக் கூட்டணியில் அதுவும் சேர்ந்திருந்ததால். அந்தக் கூட்டணியின் ஆபீஸில் நான் டைப்பிஸ்ட். இதெல்லாம் ஊரறிந்தது. யாருக்கும் தெரியாத ஒன்று இருந்தது. தம்பி ராணுவத்துக்குப் போகுமுன் எனக்கு எழுதிய கடைசிக் கடிதம் என் கைக்கு வரவே இல்லை என்று அப்பாவிடம் பொய் சொல்லி வைத்திருந்தேன். மூன்று வருடம் அந்தப் பொய்யோடு காலம் தள்ளியாயிற்று. செலின் எழுதியதைப் படித்த மறுநாள், ஊருக்குப் போக லீவு எழுதிக் கொடுத்தேன்.

2

நான் திருச்சிப் பாலக்கரைக்காரன். அப்பா அந்தோணிசாமி பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அம்மா காலமானபோது லூர்துக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு இருபத்திரண்டு. டைப்பும் ஷார்ட்ஹாண்டும் ஹையர் பாஸ் பண்ணிவிட்டு நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனேன். ஒரு கப்பல் கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு, அங்கிருந்து பாங்காக். கூட்டணி ஆபீஸ் அப்போதுதான் புதிதாகத் திறந்திருந்தது. உறுப்பு நாடுகளிலிருந்து ஷார்ட்ஹாண்ட் தெரிந்த ஆள் போதிய அளவு கிடைக்கவில்லை. இந்தியன் என்று தெரிந்தும் எடுத்துக்கொண்டார்கள், ரகசியம் அல்லாத தாள்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு.

இங்கே வெளிநாட்டார் எல்லோரும் ஒரு போலீஸ் பதிவுப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க அரை நாள் பெஞ்சில் உட்கார வேண்டும். முதல் வருடம் அதில் என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்பாவின் பெயரை எழுதிவிட்டார்கள். திருத்துவதற்கு ஏழு பாரங்கள் என்றார்கள், நானும் விட்டுவிட்டேன். பதினாலு வருடமாக இந்த ஊரில் "அந்தோணிசாமி" என்று கூப்பிட்டால் எழுந்து நிற்கிறேன்.

ஐம்பத்தொன்பது கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது, பூசை முடிந்து வந்து சாப்பிட்ட இலை எடுப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"உங்க ஆபீஸ்ல என்னதான்டா பண்றாங்க?"

எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி. உலகத்தில் இரண்டு பெரிய நாடுகள் முறைத்துக்கொண்டு நிற்கின்றன, சின்ன நாடு தனியாக நின்றால் எவனாவது ஏறி உட்காருவான், பத்துப் பேர் சேர்ந்து நின்றால் எதிராளி யோசிப்பான், இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் சண்டையே வராது என்று டைப் அடித்த தாளில் படித்ததையெல்லாம் ஒப்பித்தேன். நம்பித்தான் சொன்னேன். பாதி இன்னும் நம்புகிறேன், தனியாக நிற்கிற சின்ன நாட்டின் பயத்தைப் பாங்காக் வந்த பிறகு கண்ணால் பார்த்திருக்கிறேன்.

அப்பா ஃபிட்டர் அல்லவா, அவருக்குச் சாமான்தான் முக்கியம்.

"சரி, பாகிஸ்தான்காரனுக்கு டாங்கி குடுக்குறாங்களே, அது யாரை அடிக்க?"

"கம்யூனிஸ்ட் வந்தா அடிக்கப்பா."

"கம்யூனிஸ்ட் எந்த வழியா வருவான்? மலை தாண்டித்தானே வரணும்? டாங்கி மலையேறுமா? அது சமவெளியில ஓடுற சாமான்டா. அவனுக்குச் சமவெளி எந்தப் பக்கம் இருக்கு? நம்ம பக்கம்தான் இருக்கு."

"நம்ம மேல பிரயோகம் பண்ணக்கூடாதுன்னு வாக்குக் குடுத்திருக்காங்கப்பா. தாள்ல இருக்கு."

"தாள்ல இருக்குறது டாங்கிக்குத் தெரியுமா?"

லூர்து விழுந்து விழுந்து சிரித்தான். பதினெட்டு வயது, மீசை அரும்பி காலேஜில் என்.சி.சி. காக்கிச் சட்டை போட்டுத் திரிந்த காலம். "விடுங்கப்பா, அண்ணன் டைப் அடிச்ச தாளு. தப்பே இருக்காது" என்றான். கிண்டல்தான் என்றாலும் என் பக்கம் பேசியவன் அவன் ஒருவன்தான்.

3

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. எட்டு நாட்டுப் பிரதிநிதிகளை உட்கார வைத்து ஒரு வாக்கியத்துக்கு ஒப்புதல் வாங்குவது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் அறிக்கையின் வரைவை எட்டுப் பேருக்கும் அனுப்பிவிடுவார்கள். அடியில், 'இன்ன தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் எதிர்ப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்' என்று ஒரு வரி இருக்கும். அந்த நாள் பன்னிரண்டு அடித்ததும் டெலிபோன் மணி அடிக்கிறதா என்று பார்ப்பேன். அடிக்கவில்லை என்றால் 'வரைவு' என்ற சொல்லை எடுத்துவிட்டு முத்திரை குத்த வேண்டியது என் வேலை. இப்படிச் செய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. யாரும் 'சரி' என்று கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள், பின்னால் விவகாரமானால் யாரும் மாட்டிக்கொள்ளவும் மாட்டார்கள்.

இதை நான் தமாஷாக லூர்துக்கு எழுதினேன். அவன் பிடித்துக்கொண்டான். அதற்குப் பிறகு அவன் கடிதமெல்லாம் வரைவுதான். 'வரைவு எண் ஒன்று. இந்தக் கிறிஸ்துமஸுக்கு எனக்கு டெர்லின் சட்டை, அப்பாவுக்கு எட்டு முழ வேட்டி. பதினைந்தாம் தேதி பகல் பன்னிரண்டு மணிக்குள் எதிர்ப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.' 'வரைவு எண் நாலு. கணக்குப் பாடத்தை விட்டுவிட்டு சரித்திரம் எடுப்பது.' நான் பதில் எழுத மாட்டேன். பதில் எழுதாததுதான் பதில். கடிதம் எழுதச் சோம்பேறியான எனக்கு அது ரொம்ப வசதியாகப் போயிற்று. வீட்டில் அப்பாவும் பழகிக்கொண்டார். "பெரியவன் ஒண்ணும் எழுதலையா? அப்ப சரி" என்பாராம்.

4

அறுபத்திரண்டில் சீனாக்காரன் மலையைத் தாண்டியே வந்துவிட்டான். நம் பையன்கள் கான்வாஸ் ஷூவோடு பனியில் நின்றார்கள் என்று பத்திரிகையில் படித்துவிட்டுத் திருச்சியில் காலேஜ் பையன்கள் க்யூவில் நின்று ராணுவத்துக்குப் பெயர் கொடுத்தார்கள். அவசரகால அதிகாரிகள் என்று எடுத்தார்கள். அடுத்த வருட ஆரம்பத்தில் லூர்துவின் வரைவு எண் பதினொன்று வந்தது. மனப்பாடமாக இருக்கிறது:

'அண்ணே, எனக்கு ராணுவத்தில் இடம் கிடைத்திருக்கிறது. ரயில் ஏற மார்ச் பதினைந்து கடைசி. அப்பா வேண்டாம் என்கிறார், ஆனால் பெரியவன் சரி என்றால் சரி என்றும் சொல்கிறார். எனக்கு அப்பாவைத் தனியாக விட மனசில்லை. நான் போனால் நீ ஊரோடு வந்துவிட வேண்டும். நீ வருவதாக இருந்தால் நான் போகிறேன். வர முடியாது என்றால் நான் போகவில்லை, பட்டறையிலேயே வேலை பார்க்கிறேன். இரண்டும் சேர்ந்ததுதான் இந்த வரைவு. மார்ச் பதினைந்து பகல் பன்னிரண்டு மணிக்குள் எதிர்ப்பு வராவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும்.'

கடிதம் பிப்ரவரியிலேயே என் கைக்கு வந்துவிட்டது. பதில் போட்டால் போய்ச் சேர நாள் இருந்தது.

அதே வாரம் ஆபீஸில் எல்லோருக்கும் ஒரு பாரம் கொடுத்திருந்தார்கள். பதினாறாவது கேள்வி: 'உறுப்பினரல்லாத நாட்டின் ராணுவத்தில் நெருங்கிய உறவினர் யாரேனும் உண்டா?' போ என்று எழுதினால் வேலைக்கு ஆபத்து. கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள் என்று ஆபீஸில் பேச்சு வேறு. போகாதே என்று எழுதினால் தம்பியின் ஆசையைக் கெடுத்தவன் ஆவேன். இப்படியெல்லாம் நான் சொல்லிக்கொண்டது நிஜம்தான், ஆனால் அது பாதி நிஜம். வருகிறேன் என்று எழுத எனக்கு இஷ்டமில்லை. செலினுக்கு அப்போது நாலு வயது. ஃபிரிட்ஜ் வாங்கியிருந்தோம். வரமாட்டேன் என்று எழுத வெட்கமாக இருந்தது. இரண்டையும் எழுதாமல் இருந்தால் யாரும் என்னைக் கேட்க முடியாது.

ரகசியத் தாள்களை எரிப்பதற்கென்று ஆபீஸில் ஒரு பை இருக்கும். ஒரு நாள் கடிதத்தைச் சட்டைப் பையில் கொண்டுபோய் அதில் போட்டேன். பதினாறாவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன். அன்றைய தேதிக்கு அது உண்மைதான்.

மார்ச் பதினைந்து அன்று பன்னிரண்டு மணிக்கு நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

5

அறுபத்தைந்து செப்டம்பரில் சண்டை மூண்டது. அப்பா சொன்ன சமவெளியில்தான் டாங்கிகள் வந்தன.

கூட்டணி என்ன செய்யப்போகிறது என்று எல்லோரும் எங்கள் கட்டிடத்தைப் பார்த்தார்கள். தன் கூட்டாளிகள் உதவிக்கு வரவேண்டும் என்று பாகிஸ்தானுக்கு எதிர்பார்ப்பு இருந்தது. ஏழு பேரும் வந்தால் அந்த அறிவிப்பை டைப் அடிக்கிறவன் நான். தம்பி எல்லையில் நிற்கிறான். தினமும் வேலைக்குப் போகும் வழியில் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றினேன். எந்த வாக்கைக் காப்பாற்றுவதற்காக எனக்குச் சம்பளம் கொடுத்தார்களோ, அந்த வாக்குத் தவறிப்போக வேண்டும் என்று ஜெபித்தவன் நான்.

அந்த ஜெபம் மட்டும் பலித்தது. இது எங்கள் ஒப்பந்தத்தில் வராத சண்டை என்று சொல்லிவிட்டார்கள். 'நிலைமையைக் கவலையுடன் கவனித்து வருகிறோம்' என்று ஒரு வரி வரைவு சுற்றுக்குப் போயிற்று. பன்னிரண்டு மணிக்கு டெலிபோன் அடிக்கவில்லை, நான் முத்திரை குத்தினேன். அப்பாவின் தந்தி ஆபீஸ் விலாசத்துக்கு வந்தது அதே நாள் சாயங்காலம். லூர்து போய் அதற்குள் நாலு நாள் ஆகியிருந்தது.

பக்கத்து மேஜையில் கராச்சிக்காரர் அன்வர் இருந்தார். பத்து வருடப் பழக்கம். தந்தி என் கையிலிருந்து விழுந்ததை எடுத்துப் படித்துவிட்டு, தன் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அவருடைய அக்கா மகனும் அந்தப் பக்கத்தில் அதே சண்டையில்தான் இருந்தான் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பையன் பிழைத்து வந்தான், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

6

அடுத்த வருடம் ஊருக்குப் போனேன். அப்பா என்னைத் திட்டவில்லை. "உனக்கு அந்த லெட்டர் வந்துச்சாடா?" என்று மட்டும் கேட்டார். "இல்லப்பா. வந்திருந்தா எழுதியிருக்க மாட்டேனா?" என்றேன். "அதானே பார்த்தேன்" என்றார். அந்த 'அதானே' என்னை எத்தனை வருடம் அரித்தது என்று எழுதி மாளாது.

லூர்துவோடு ஒன்றாகப் பயிற்சி எடுத்து ஒரே பட்டாலியனில் இருந்தவர் ரங்கராஜன். ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதி. இடது காலில் குண்டு பட்டு வீட்டோடு வந்திருந்தார். பார்க்கப் போனேன்.

"வாங்கோ வாங்கோ, லூர்து அண்ணாவா? உக்காருங்கோ" என்று தடியை ஊன்றி எழுந்துவிட்டார். காப்பி வந்தது. அவரே பேசினார். "உங்களைப் பத்திச் சொல்லாத நாளே கிடையாது. உங்காத்து வரைவு விஷயமெல்லாம் எங்க மெஸ்ஸுக்கே தெரியும். ரயிலேற வேண்டிய தேதி தாண்டியும் நாலு நாள் லேட்டாத்தான் வந்து சேர்ந்தான். ஏன்டான்னு கேட்டா, தபால் லேட்டாயிருக்குமோன்னு பார்த்தேன், அண்ணாவுக்கு அவகாசம் குடுத்தேன்னான். அதுக்குத் தண்டனைகூட வாங்கிண்டான்."

நான் டம்ளரைக் கீழே வைத்தேன்.

"உங்க மேல அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை, போங்கோ. எங்கண்ணா ஊரோட வந்துடுவான், அப்பாவைப் பத்தி நேக்குக் கவலையில்லேம்பான். நீங்க அப்பவே வந்துட்டேளோன்னோ?"

"வந்துட்டேன்" என்றேன். கோபுர வாசலில் வாங்கிய துளசி மாலையோடு யாரோ உள்ளே வந்தார்கள், பேச்சு மாறிவிட்டது. பாலக்கரைக்கு பஸ்ஸில் வரும்போது காவிரிப் பாலத்தில் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவர் வெயில் என்று நினைத்திருப்பார்.

7

போன மாதம் போய் இறங்கிய மறுநாள் மத்தியானம். அப்பா ரிட்டயராகி வெகுகாலம் ஆயிற்று. முற்றத்தில் ஈஸிசேர் போட்டுச் சாய்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கடிதம் வந்தது, படித்தது, பையில் போட்டது. பாரத்தைச் சொன்னேன், ஃபிரிட்ஜைக்கூடச் சொன்னேன். அடித்துவிட்டால் தேவலை என்று இருந்தது.

அப்பா கேட்டது வேறு. "அதுல என்ன எழுதியிருந்தான்? சொல்லு."

சொன்னேன். முழுதும் கேட்டுவிட்டு, "இன்னொரு தடவை சொல்லு" என்றார். மறுபடி சொன்னேன். 'நீ வருவதாக இருந்தால் நான் போகிறேன்' என்ற இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"அதனாலதானா?" என்றார். "ஒவ்வொரு லெட்டர்லயும் 'அண்ணன் வந்தாச்சா'ன்னு கேப்பான்டா. எதுக்குக் கேக்குறான்னு எனக்குப் புரியல. உனக்கு நிபந்தனை போட்டிருக்கான்னு அவன் எங்கிட்டச் சொல்லல. முதல்ல, வர்றான், ஈஸ்டருக்கு வர்றான்னு எழுதினேன். அப்புறம், கிறிஸ்துமஸுக்குன்னு எழுதினேன். சண்டை ஆரம்பிச்சதும், அங்க நிக்கிற புள்ளை இதையே நினைச்சுக்கிட்டு நிக்குமேன்னு, பெரியவன் வந்துட்டான்னு எழுதிப் போட்டுட்டேன்."

அப்பா சாய்வை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அதுக்குப் பதில் போட்டான்" என்றார். "தந்தி வந்து அஞ்சு நாள் கழிச்சு வந்துச்சு. உன் பேருக்குத்தான் வந்துச்சு, இந்த வீட்டு விலாசத்துக்கு. நீ வந்தப்ப குடுத்திருக்கணும். குடுத்தா நான் எழுதின பொய் தெரிஞ்சுபோகுமேன்னு வெச்சுக்கிட்டேன். நான் பிரிக்கல."

உள்ளே போய் பைபிளுக்கு நடுவிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரைக் கொண்டுவந்து கொடுத்தார். ராணுவத் தபால் முத்திரை. லூர்துவின் கையெழுத்தில் என் பெயர், பாங்காக் பதினாலு வருடமாகச் சொல்லாத என் சொந்தப் பெயர். அதற்குக் கீழே பாலக்கரை. ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. நான் பிரித்தேன்.

'அண்ணே, நீ வந்துவிட்டதாக அப்பா எழுதியிருந்தார். இன்றைக்குத்தான் எனக்குச் சாப்பாடு இறங்கியது. ஒரு விஷயம் நீ கவனிக்க வேண்டும். அப்பாவின் எழுத்து வரவரக் கோணிக்கொண்டே போகிறது, ஒரு வரி மேல் இன்னொரு வரி ஏறுகிறது. கண்ணில் ஏதோ கோளாறு. கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். நீதான் பக்கத்தில் இருக்கிறாயே, உடனே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு. லூர்து.'

அப்பா, "என்ன எழுதியிருக்கான்?" என்றார். உரக்கப் படித்தேன். அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் காலை ரிக்‌ஷா வைத்துக் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் இருட்டறையில் வெகுநேரம் பார்த்துவிட்டு வெளியே வந்தார். ஒரு கண்ணில் பார்வை முழுதும் போய் இரண்டு மூன்று வருடம் இருக்கும், மற்றதிலும் அதிகம் மிச்சமில்லை, நரம்பு காய்ந்துவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் நிறுத்தியிருக்கலாம் என்றார்.

"ஏன் பெரியவரே, இத்தனை வருஷமா யாருகிட்டயும் சொல்லலையா?" என்று அப்பாவைக் கேட்டார்.

அப்பா நான் நின்ற பக்கமாக முகத்தைத் திருப்பினார். அப்புறம் டாக்டர் பக்கம் திரும்பி, "வீட்டுல யாருங்க இருந்தா?" என்றார்.